ரேஸ் கார் சீப்தான்... ரேஸ்? பழைய ஃபார்முலா கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலை ரேஸ் டிராக்காக மாறியது. மிக்ஜாம் புயலால் ஒருமுறை தள்ளிப்போன ஃபார்முலா 4 ஸ்ட்ரீட் ரேஸ், ஒருவழியாக விளக்கு வெளிச்சத்தில் நடந்து முடிந்தது. நான்கு மாதம் கழித்து, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதுவரை ரேஸைத் திரும்பிக்கூடப் பார்க்காத பலருக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும்: "நாமளும் ஓட்டணும்னா எவ்ளோ ஆகும்?"

புது ஃபார்முலா 4 கார் சம்பளக்காரரின் எட்டாத கனவு. ஆனால், பத்து இருபது வருஷம் ஓடிய சின்ன ஃபார்முலா கார்களின் கதை வேறு. அமெரிக்காவில் 'ஃபார்முலா வீ' வகைக் கார்கள், ஓடும் நிலையிலேயே பத்தாயிரம் டாலருக்குக் கீழே கைமாறுகின்றன. சில வருஷம் ஓடிய ஹேட்ச்பேக் விலைக்கு ஒரு நிஜமான ரேஸ் கார்! கேட்கவே ஜிவ்வென்று இருக்கும்.

விஷயம் அங்கேதான் சிக்கலாகிறது. விலைப்பட்டியலைப் பார்த்து காரை வாங்குவது தப்பு. "இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு" என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல.

'ஃபார்முலா' என்றால் என்ன?

சிம்பிள். ஃபார்முலா என்றால் விதித் தொகுப்பு. எந்த இன்ஜின், எவ்வளவு எடை, என்ன டயர், இறக்கை வைக்கலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்து, அதற்குள் அடங்கும் கார்களை மட்டும் ஓடவிடுவது. ஒருவர் மட்டும் உட்காரும் சீட், வெளியே தெரியும் நான்கு சக்கரங்கள் என்பது பொதுவான உருவம். ஃபார்முலா 1 இந்த ஏணியின் உச்சிப் படி. அடிப்படியில், ரோட்டில் ஓடும் சாதாரண காரின் இன்ஜினைக் கழற்றி மாட்டிய குட்டிக் கார்கள் இருக்கின்றன.

அடிப்படிக்கு நல்ல உதாரணம் ஃபார்முலா வீ. 'வீ' என்பது ஃபோக்ஸ்வேகனின் முதல் எழுத்து. அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1963-ல் இதை ஒரு பிரிவாக அங்கீகரித்தது. பீட்டில் காரின் 1,200 சி.சி. இன்ஜின், அதே காரின் கியர்பாக்ஸ், அதே காரின் முன் ஆக்ஸில். சுற்றிலும் இரும்புக் குழாய்களை வெல்டு செய்த ஒரு கூடு. அவ்வளவுதான் கார்.

60 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் புரியும். ஓட்டுநரையும் சேர்த்து இந்தக் காரின் குறைந்தபட்ச எடை சுமார் 465 கிலோ. டன்னுக்கு 129 குதிரைத்திறன் வருகிறது. 90 குதிரைத்திறன் உள்ள, 900 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக்கில் 70 கிலோ ஆள் ஏறினால் டன்னுக்கு 93-தான். தரையிலிருந்து சில அங்குல உயரத்தில், காற்று முகத்தில் அறைய, இந்தச் சின்ன இன்ஜினே தாராளம். நிகி லௌடா, எமர்சன் ஃபிட்டிபால்டி ஆகிய ஃபார்முலா 1 உலக சாம்பியன்கள் ஃபார்முலா வீ ஓட்டி வளர்ந்தவர்கள்தான்.

பிரிட்டனில் 1967-ல் வந்த ஃபார்முலா ஃபோர்டும் இதே யோசனைதான். ஃபோர்டின் 1,600 சி.சி. இன்ஜின், இறக்கைகள் கிடையாது. தொடக்கத்தில் காரின் விலை 1,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பதே ஒரு விதி. அயர்ட்டன் சென்னா ஐரோப்பாவுக்கு வந்து 1981-ல் முதலில் ஓட்டியது ஃபார்முலா ஃபோர்டுதான்.

இந்த இரண்டு பிரிவுகளிலும் பல பத்தாண்டு பழைய கார்கள் இன்றும் ரேஸ் ஓடுகின்றன. விதிகளை அடிக்கடி மாற்றாததுதான் காரணம். விதி மாறாவிட்டால் கார் பழசாகாது. கார் பழசாகாவிட்டால், அதை விற்க முடியும், வாங்க முடியும். வார நாளில் வேலைக்குப் போய், சனி ஞாயிறில் ரேஸ் ஓடும் சாதாரண ஆட்கள் அங்கே இருப்பதற்கு இதுதான் அடிப்படை.

கோவை போட்ட பாதை

இந்தியாவில் இந்த யோசனையைச் செய்து காட்டியவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். 1980-களின் பிற்பகுதியில், வெளிநாட்டுக் காரை வரவழைக்கக் காத்திராமல், இங்கே தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கினார். பார்ட்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இன்ஜினைப் பிரித்து மாட்ட எந்த மெக்கானிக்கும் தெரிந்திருப்பார். ஃபார்முலா வீக்கு பீட்டில் எப்படியோ, இங்கே மாருதி 800 அப்படி.

பலன் என்ன? இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூரில் தன் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில். இரண்டாவது ஃபார்முலா 1 ஓட்டுநர் கருண் சந்தோக்கின் தொடக்கமும் அதுவே. அஜித்குமாரும் 2002-ல் இந்த வகைக் காரை ஓட்டியிருக்கிறார். 1995-ல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. டிராக் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஃபார்முலா மாருதிக்குப் பிறகு கோவை எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் ஃபார்முலா எல்ஜிபி கார்கள் வந்தன. இன்று ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4-ல் இருப்பது மாருதி ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். கோவையிலும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் தேசிய ரேஸ்களில் பார்க்கும் குட்டிக் கார்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

சீப்பாகக் கிடைப்பது ஏன்?

ஒரு பழைய ரேஸ் கார் மலிவாகக் கிடைத்தால், அதற்குக் காரணம் இருக்கும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

முதல் காரணம், அந்தக் கார் ஓடும் பிரிவே நின்றுபோயிருக்கும். ரேஸ் காரைச் சாலையில் ஓட்ட முடியாது. பதிவு எண் கிடையாது. போட்டிப் பிரிவு இல்லாத ரேஸ் கார், சேரும் ஊர் இல்லாத ரயில் மாதிரி. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவே.

இரண்டாவது, இன்ஜினோ கியர்பாக்ஸோ இல்லாமல் வெறும் கூடும் சக்கரமுமாக விற்பார்கள். இதை 'ரோலிங் சேஸி' என்பார்கள். அரை விலைக்கு வரும். மீதியைத் தேடிச் சேர்ப்பதற்குள் முழு விலையைத் தாண்டிவிடும்.

மூன்றாவது, பெரிய விபத்தில் சிக்கி, நேராக்கி, பெயின்ட் அடித்த கார். இதுதான் ஆபத்தானது.

நான்காவதும் ஒன்று உண்டு. ஓட்டியவருக்குக் கல்யாணமாகியிருக்கும், வேலை மாறியிருக்கும், கார் ஷெட்டில் தூங்கும். உண்மையிலேயே நல்ல பேரம் என்றால் இதுதான். ஆனால் நான்கில் இது எது என்று வெளிப் பெயின்ட் சொல்லாது.

பார்க்க வேண்டிய இடங்கள்

பழைய காரை வாங்கும்போது கிலோமீட்டர், ஆர்.சி., இன்சூரன்ஸ் பார்ப்போம். ரேஸ் காரில் இவை எதுவும் இல்லை. பார்க்க வேண்டியவை வேறு:

* கூடு: முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடது, வலது இரு பக்கமும் அளக்க வேண்டும். குறுக்காகவும் அளக்க வேண்டும். ஒரு சாதாரண டேப் போதும். அளவு கணிசமாக வேறுபட்டால் கார் எங்கோ மோதி வளைந்திருக்கிறது.
* வெல்டிங்: குழாய்கள் சேரும் இடங்களிலும், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களிலும் விரிசல் இருக்கிறதா? சாயம் தடவி விரிசல் கண்டுபிடிக்கும் சோதனை பெரிய செலவில்லை. அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.
* இன்ஜின்: எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். "கடைசியா எப்போ பிரிச்சுக் கட்டினீங்க? அதுக்கப்புறம் எத்தனை ரேஸ் ஓடியிருக்கு?" என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் வர வேண்டும்.
* பார்ட்ஸ்: காருடன் வரும் உதிரி பாகப் பெட்டிக்குக் காரில் பாதி மதிப்பு உண்டு. கூடுதல் சக்கரங்கள், சஸ்பென்ஷன் கைகள், மூக்குப் பகுதி, கியர்கள் எல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை. ஸ்விஃப்ட் 1.3 இன்ஜினை ஷோரூம் காரில் நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் எஸ்டீம், ஜிப்ஸி என அதே குடும்ப இன்ஜின் பல வண்டிகளில் இருந்ததால், இன்ஜின் பாகம் தேட வழி உண்டு. சேஸி பாகங்களுக்கு அந்த வசதி இல்லை.
* உடம்பு: உட்கார்ந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. பெடல்கள் நெருக்கமாக இருக்கும். அகலமான ஷூ போட்டால் ஒரே காலில் இரண்டு பெடல் மிதிபடும். ஆறடி ஆளுக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கலாம். தலைக்கு மேலே இருக்கும் வளைவுக் கம்பி, ஹெல்மெட்டைவிட உயரமாக இருந்தே ஆக வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

சீட் மட்டும் கவலைப்பட வேண்டாத சமாச்சாரம். இரண்டு ரசாயனத் திரவங்களைக் கலந்து பெரிய குப்பைப் பைக்குள் ஊற்றி, அதன் மேல் ஓட்டுநர் உட்கார்ந்தால், ஃபோம் பொங்கி அவர் முதுகு வடிவத்திலேயே இறுகிவிடும். ஃபார்முலா 1 அணிகள் வரை சீட்டுக்கு அச்சு எடுப்பது இந்த அடிப்படையில்தான்.

கார் வாங்கியாச்சு... அடுத்து?

செலவு தொடங்குவது இங்கேதான். காரைக் கொண்டுபோக டிரெய்லர் அல்லது வாடகை வண்டி வேண்டும். நிறுத்த ஷெட் வேண்டும்; அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது. டயர் தேயும். பிரேக் பேட், ஆயில், பெட்ரோல், கிளட்ச் எல்லாம் தீரும். டிராக் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸ், அதற்கு முன் பயிற்சி. ரேஸ் நாளில் கூட ஒரு மெக்கானிக்.

உலகம் முழுக்க ரேஸ் பட்டறைகளில் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: கார் வாங்கிய அதே தொகையை முதல் சீசனுக்கு என்று தனியே எடுத்து வைக்க முடியாவிட்டால், காரை வாங்காதே. கையில் ஐந்து லட்சம் இருக்கிறது என்றால், ஐந்து லட்ச ரூபாய் கார் பட்ஜெட்டுக்குள் இல்லை. இரண்டரை லட்ச ரூபாய் கார்தான் இருக்கிறது. இ.எம்.ஐ போட்டு ரேஸ் ஓட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். முதல் லேப்பிலேயே சுவரில் மோதினாலும், அடுத்த மாதம் வாடகை கட்ட முடிய வேண்டும்.

பேரம் பேசக் கூடாத இடம்

பழைய கார் என்றால் பழைய பாதுகாப்பு. இன்றைய ஃபார்முலா 4 காரில் கார்பன் கூடும், தலைக்கு மேலே 'ஹாலோ' வளையமும் இருக்கின்றன. இருபது வருஷத்துக்கு முந்தைய குழாய்க் கூட்டில் இரண்டும் இல்லை. இதை ஒப்புக்கொண்டுதான் உள்ளே உட்கார வேண்டும்.

அதனால், மற்றவற்றில் மிச்சம் பிடிக்கலாம். உடம்பில் மாட்டுவதில் கூடாது. சர்வதேச கூட்டமைப்பான எஃப்ஐஏ தரச்சான்று பெற்ற சீட் பெல்ட்டில் அது எந்த ஆண்டுக்குப் பின் செல்லாது என்று அச்சிட்டிருக்கும். தயாரித்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுதான் கணக்கு. காருடன் 'ஃப்ரீயா' வரும் பழைய பெல்ட்டை வெட்டிப் போட்டுவிடுவதே நல்லது. பைக் ஹெல்மெட்டும் கார் ரேஸ் ஹெல்மெட்டும் ஒன்றல்ல. கார் ரேஸ் ஹெல்மெட்டின் உள்பகுதி தீயைத் தாங்க வேண்டும். தீ தாங்கும் உடை, கையுறை, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி எல்லாம் முதல் நாளிலேயே வேண்டும். ஃபார்முலா 1-ல் ஹான்ஸ் கட்டாயமானது 2003-ல். மோதலில் உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க இது ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: இன்சூரன்ஸ். சாதாரண மோட்டார் பாலிசி ரேஸ் பயன்பாட்டை விலக்கிவைக்கிறது. தனிநபர் விபத்து பாலிசிகளும் பொதுவாக அப்படியே. டேர்ம் பாலிசி எடுத்தவர்கள், இந்தப் பழக்கத்தை நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர் மட்டும் என்றால், இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

வாடகையா, சொந்தமா?

இந்திய ரேஸ் உலகில் இப்போது நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் வாடகை முறை. கார் டீமுடையது, ஓட்டுநர் பணம் கட்டி சீட் எடுக்கிறார். வந்தோமா, ஓட்டினோமா, போனோமா! முதல் வருஷத்துக்கு இதுவே சரியான வழி என்பதில் சந்தேகமில்லை. தனக்கு ரேஸ் பிடிக்கிறதா, பயம் வருகிறதா என்பதே தெரியாத ஒருவர் கார் வாங்குவது, நீச்சல் தெரியும் முன் படகு வாங்குவது போல.

ஆனால் வாடகையில் ஒரு குறை இருக்கிறது. கட்டிய பணம் அந்த வார இறுதியோடு கரைந்துவிடும். மோதினால் சேதத்துக்கான பில் பெரும்பாலும் ஓட்டுநர் தலையில்தான். கையில் எதுவும் மிஞ்சாது, காரைப் பற்றிய அறிவு உட்பட. சொந்தக் கார் வைத்திருப்பவர் பணம் இல்லாத வருஷம் ஓட்டாமல் இருக்கலாம். அடுத்த வருஷம் திரும்பலாம். இரவு பத்து மணிக்கு ஸ்பேனரோடு கீழே படுத்து, கூலிக்குப் பதில் தன் நேரத்தைப் போடலாம். பணம் குறைவானவர் பணம் அதிகமானவரோடு மோத இருக்கும் ஒரே ஆயுதம் அந்த நேரம்தான். வாடகை முறை அதைப் பறித்துவிடுகிறது.

"எல்லாருக்கும் ஒரே டீம், ஒரே மாதிரி கார் என்றால் திறமைதானே ஜெயிக்கும்?" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம். ஃபார்முலா 1 ஏணியில் ஏற நினைக்கும் 16 வயதுப் பையனுக்கு அது சரி. 28 வயதில், வாரம் ஐந்து நாள் வேலை பார்த்து, வருஷத்துக்கு நான்கு ரேஸ் ஓட்டினால் போதும் என்று நினைப்பவருக்கு அது பொருந்தாது. அவர் ஃபார்முலா 1-க்குப் போகப்போவதில்லை. அவருக்கு வேண்டியது, பத்து வருஷம் கழித்தும் ஓட ஒரு பிரிவு.

என்ன செய்ய வேண்டும்?

சென்னை ஸ்ட்ரீட் ரேஸுக்கு அரசு கை கொடுத்தது. கூட்டம் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் அன்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர், அடுத்த மாதம் வேலிக்கு உள்ளே வர என்ன வழி? ஃபார்முலா மாருதி காலத்தில் இருந்த பதில் இன்று அவ்வளவு தெளிவாக இல்லை.

கிளப்புகளும் கூட்டமைப்பும் நினைத்தால் பெரிய பணம் இல்லாமலே செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, ஓய்வுபெற்ற ஒற்றை இருக்கைக் கார்களுக்கென்று, பத்து வருஷத்துக்கு விதி மாறாது என்ற எழுத்துபூர்வ உறுதியோடு, சொந்தக் காரர்களுக்கான ஒரு நிரந்தரப் பிரிவு. ஸ்பான்சர் மாறினாலும் பிரிவு மாறக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு காருக்கும் ஒரு பதிவுப் புத்தகம். மோதல், பழுது, வருடாந்திரப் பரிசோதனை எல்லாம் அதில் ஏற வேண்டும். அமெரிக்க கிளப் ரேஸ்களில் இந்தப் புத்தகம் காருடனேயே கைமாறுகிறது. வாங்குபவரை ஏமாற்றுவது கடினமாகிறது. மூன்று, சீக்கிரம் தேயாத ஒரே வகை டயரைக் கட்டாயமாக்குவது. பணக்காரர் ஒவ்வொரு ரேஸுக்கும் புது டயர் மாட்டி ஜெயிக்கும் வழி அடைபடும்.

ஆள் கிடைப்பார்களா என்ற கவலையும் வேண்டாம். இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய ஃபார்முலா கார்களோடு 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு கோவை டிராக்குக்கு வருகிறார்கள். வெல்டிங், சஸ்பென்ஷன், இன்ஜின் எல்லாம் கற்றுக்கொண்டு, பட்டம் வாங்கியதும் பெரும்பாலோர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். கை வேலை தெரிந்த, சம்பளம் வாங்குகிற, ஓட்ட ஆசைப்படுகிற ஒரு தலைமுறை தயாராக இருக்கிறது. இல்லாதது அவர்கள் வந்து நிற்க ஒரு கிரிட்.

அது வரும் வரை, ஆசை உள்ளவர்களுக்கான வரிசை இதுதான்: முதலில் பயிற்சியும் லைசென்ஸும். பிறகு ஒரு சீசன் வாடகைக் கார். அதோடு, ஒரு டீமின் பட்டறையில் சில வார இறுதிகள் சும்மா போய் உதவி செய்வது. அடுத்து, எந்தப் பிரிவு அடுத்த ஐந்து வருஷம் ஓடும் என்று கிளப்பிலேயே விசாரிப்பது. ஹெல்மெட், உடை, பெல்ட், ஹான்ஸுக்குப் பணம். ஒரு சீசன் செலவுக்குப் பணம். இவை எல்லாம் ஆன பிறகும் கையில் மிச்சம் இருந்தால், அப்போது கார்.

பட்டியலில் கார் கடைசியில் வருகிறதே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். முதலில் காரை வாங்கியவர்களின் கார்கள்தான், பிறகு 'அவசர விற்பனை' என்று பாதி விலைக்கு வருகின்றன.